எல்லையோர ஊர்களில் அரசு வீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செங்கோட்டை, புளியரை, போடி, கம்பம், கூடலூர், பொள்ளாச்சி வட்டாரங்களில் வீடு இந்தப் பக்கமும் வேலை அந்தப் பக்கமுமாக இருக்கும் குடும்பங்கள் ஏராளம். மூணாறு, வண்டிப்பெரியாறு, கொழிஞ்சாம்பாறை போன்ற இடங்களில் தலைமுறைகளாகக் கேரளத்திலேயே வாழும் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. அரசு வீட்டுத் திட்டங்களைப் பற்றி இவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இங்கே பதிலோடு உள்ளன.

தமிழ்நாட்டுப் பக்கம் இப்போது எந்தெந்தத் திட்டம் நடக்கிறது? எதில் எவ்வளவு பணம்?

கிராம ஊராட்சிகளில் முக்கியமானவை இரண்டு. முதலாவது, பிரதம மந்திரி கிராமப்புற வீட்டு வசதித் திட்டம். பழைய இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டம்தான் 2016-ல் இப்படி மாறியது. இதன் அலகுத் தொகை, அதாவது ஒரு வீட்டுக்கான தொகை, சமவெளியில் 1.20 லட்சம். அதில் மத்திய அரசு 72,000, மாநில அரசு 48,000. அந்தத் தொகைக்குக் கான்கிரீட் கூரை போட முடியாது என்பதால், கூரைக்காகத் தமிழ்நாடு அரசு தனியாக 1.20 லட்சம் சேர்க்கிறது. ஆகக் கைக்கு வருவது 2.40 லட்சம். நூறு நாள் வேலை என்று அறியப்பட்ட ஊரக வேலைத் திட்டத்தில் சொந்த வீட்டு வேலைக்கு 90 நாள் கூலியும், கழிப்பறைக்கு 12,000 ரூபாயும் இதற்கு மேல். 2025-26-ல் தமிழ்நாட்டு நாள் கூலி 336 ரூபாயாக இருந்தது, அந்தக் கணக்கில் 90 நாளுக்கு 30,240.

இரண்டாவது, கலைஞரின் கனவு இல்லம். 2024-25 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட மாநிலத் திட்டம் இது. 2030-க்குள் 8 லட்சம் வீடுகள் என்பது இலக்கு. வீடு ஒன்றுக்கு 3.50 லட்சம், பரப்பு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம் கட்டாயம். மீதி 60 சதுர அடிக்குத் தீப்பிடிக்காத வேறு கூரை போட்டுக்கொள்ளலாம்.

பேரூராட்சி, நகராட்சி எல்லைக்குள் இருப்பவர்களுக்கு இவை இரண்டும் பொருந்தாது. அவர்களுக்கு நகர்ப்புறத் திட்டம் தனி. எல்லையோரத்தில் பேரூராட்சிகள் அதிகம், தெருவின் ஒரு பக்கம் ஊராட்சி, மறுபக்கம் பேரூராட்சி என்றிருக்கும் இடங்களும் உண்டு. வீட்டு வரி ரசீதில் எந்த அமைப்பின் பெயர் இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

கலெக்டர் ஆபீஸில் மூன்று முறை மனு கொடுத்தாகிவிட்டது. இன்னும் வீடு வரவில்லையே?

மனுவைப் பார்த்து வீடு ஒதுக்குவதில்லை, கணக்கெடுப்புப் பட்டியலைப் பார்த்துத்தான் ஒதுக்குகிறார்கள். மத்திய திட்டத்துக்கு முதலில் 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பு, அடுத்து 2018-ல் தொடங்கிய ஆவாஸ் பிளஸ், பிறகு 2024-ல் தொடங்கிய புதிய ஆவாஸ் பிளஸ் செயலிக் கணக்கெடுப்பு ஆகியவை அடிப்படை. திட்டம் 2028-29 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. கனவு இல்லத்துக்கு மாநில அரசு எடுத்த குடிசைக் கணக்கெடுப்பு அடிப்படை.

ஆகவே யூனியன் ஆபீஸில் கேட்க வேண்டிய கேள்வி, ‘வீடு எப்போது?’ என்பதல்ல. ‘எந்தப் பட்டியலில், எந்த வரிசை எண்ணில் என் பெயர் இருக்கிறது?’ என்று கேளுங்கள். பெயர் இருந்தால் காத்திருக்கலாம். இல்லையென்றால் கிராம சபையில் எழுத்து மூலம் பதிவு செய்யுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு சபை. தீர்மானப் புத்தகத்தில் உங்கள் பெயர் ஏறியதா என்று அங்கேயே நின்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். தகுதியில்லை என்று நீக்கியிருந்தால் மாவட்ட அளவிலான மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம், அதற்கும் அந்தத் தீர்மான நகல்தான் கைகொடுக்கும்.

கணக்கெடுப்பு நடந்த நாளில் வீடு பூட்டியிருந்தது என்பதே எல்லையோரத்தில் பெயர் விடுபட முதல் காரணம். ஏலத்தோட்ட ஜீப் விடியற்காலையிலேயே குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக மலையேறிவிடும். கணக்கெடுக்க ஆள் வரும்போது தெருவில் பாதிக் கதவு சாத்தியிருக்கும். கணக்கெடுப்பு அறிவிப்பு வந்தால் ஊராட்சிச் செயலரிடம் தேதி கேட்டு ஒரு நாள் வேலையை விட்டுவிடுவது நல்லது.

டூ வீலர், பிரிட்ஜ் இருந்தால் தள்ளிவிடுவார்களாமே?

அது பழைய விதி. இரு சக்கர வாகனம், குளிர்பெட்டி, தரைவழித் தொலைபேசி, மீன்பிடிப் படகு ஆகியவை இப்போதைய விலக்குப் பட்டியலில் இல்லை. மூன்று அல்லது நான்கு சக்கர மோட்டார் வாகனம், அதே வகை வேளாண் இயந்திரம், குடும்பத்தில் அரசு ஊழியர், மாதம் 15,000 ரூபாய்க்கு மேல் சம்பாதிப்பவர், வருமான வரி அல்லது தொழில் வரி கட்டுபவர், பதிவு பெற்ற தொழில் நிறுவனம், 2.5 ஏக்கர் அல்லது அதற்கு மேல் பாசன நிலம், 5 ஏக்கர் அல்லது அதற்கு மேல் மானாவாரி நிலம் ஆகியவை நிற்கின்றன.

விவசாயக் குடும்பங்கள் தெரியாமல் மாட்டிக்கொள்வது கிசான் கடன் அட்டையில். 50,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் கடன் வரம்புள்ள அட்டை இருந்தால் விலக்கு. கவனியுங்கள், பார்ப்பது வரம்பைத்தான், நீங்கள் வாங்கிய தொகையை அல்ல. 20,000 மட்டும் எடுத்திருந்தாலும் வரம்பு ஒரு லட்சம் என்றிருந்தால் பெயர் அடிபடும். கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய பயிர்க்கடனோ நகைக்கடனோ உங்கள் பெயரில் கிசான் அட்டைக் கணக்காகப் பதிவாகியிருக்கிறதா என்று சங்கத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஷேர் ஆட்டோவோ தோட்டத்துக்கு ஆளேற்றும் ஜீப்போ உங்கள் பெயரில் பதிவாகியிருந்தால், தவணையில் வாங்கியதென்றாலும் விதியில் அது வாகனம்தான்.

அப்பா, அம்மா, நான், என் மனைவி, பிள்ளைகள் எல்லோரும் ஒரே ரேஷன் கார்டு. எனக்குத் தனியாக வீடு கேட்கலாமா?

மத்திய திட்டத்தில் குடும்பம் என்றால் கணவன், மனைவி, திருமணமாகாத பிள்ளைகள். திருமணமான மகன் தனிக் குடும்பம். ஆனால் அட்டை ஒன்றாக இருக்கும்வரை கணக்கெடுப்பில் ஒரே வீடாகத்தான் பதிவாகும். கணக்கெடுப்பு வருவதற்கு முன்பே அட்டையைப் பிரித்துவிடுங்கள். பட்டியல் வந்தபின் பிரித்து, அதைக் காட்டிக் கேட்டால் எடுபடுவது அரிது.

ஆறு மாதம் இடுக்கியில், ஆறு மாதம் கம்பத்தில். இரண்டு பக்கமும் கேட்கலாமா?

கூடாது. ஆதார் எண் ஒன்றுதான், நாட்டில் எங்காவது சொந்தப் பெயரில் கான்கிரீட் வீடு இருந்தாலோ, ஏற்கெனவே அரசு வீடு வாங்கியிருந்தாலோ மற்ற இடத்தில் தகுதி போய்விடும். இரண்டு மாநிலத்திலும் ரேஷன் அட்டை வைத்திருப்பது அதைவிடப் பெரிய சிக்கல். ஒரே நாடு ஒரே ரேஷன் ஏற்பாட்டில் தமிழ்நாட்டு முன்னுரிமை அட்டையை வைத்தே கேரளக் கடையில் அரிசி வாங்கலாம், இரண்டாவது அட்டைக்குத் தேவையே இல்லை.

எங்கே கேட்பது என்று முடிவு செய்ய ஒரே அளவுகோல் மனை. எந்தப் பக்கம் உங்கள் பெயரில் பிரச்சினை இல்லாத மூன்று சென்ட் இருக்கிறதோ அந்தப் பக்கம் கேளுங்கள். கேரளத்தில் தொகை அதிகம் என்பதற்காக, எஸ்டேட் லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) முகவரியை வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். லயம் கம்பெனிக்குச் சொந்தம், அங்கே வீடு கட்ட யாரும் பணம் தரமாட்டார்கள்.

கேரளத்திலேயே குடியிருக்கும் தமிழர்களுக்கு என்ன வழி?

லைஃப் மிஷன் என்ற கேரள அரசின் வீட்டுத் திட்டம். 2016-ல் தொடங்கியது. பொதுவாக வீட்டுக்கு 4 லட்சம், எட்டாக்கையில் உள்ள பழங்குடிக் குடியிருப்புகளில் 6 லட்சம். மத்திய திட்டப் பயனாளிகளுக்கும் 72,000 மத்தியப் பங்கு போக மீதியைச் சேர்த்து 4 லட்சமாக்கிவிடுகிறார்கள். ஊராட்சியில் இதைக் கையாள்பவர் வி.இ.ஓ. எனப்படும் கிராம விரிவாக்க அலுவலர். ஊராட்சிச் செயலரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் பாதி வேலைதான் ஆகியிருக்கும். பணம் நான்கு தவணையாக வரும். ஒப்பந்தம் போட்டவுடன் 10 சதவீதம், பிறகு 40, 40, கடைசியில் 10. முதல் 40,000 ரூபாயில் அடித்தளத்தை முடிப்பதுதான் மூச்சு முட்டும் கட்டம்.

வில்லேஜ் ஆபீஸில் வாங்க வேண்டியவை நிலவரி கட்டிய ரசீது, கைவசச் சான்று, வருமானச் சான்று. தேவிகுளம் வட்டத்தில் பட்டயம் (கேரளத்தில் நிலப் பட்டா) இருந்தாலும் சில கிராமங்களில் கட்டுமானத்துக்கு வருவாய்த்துறையின் தடையின்மைச் சான்றும் கேட்பார்கள். அதை வாங்காமல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டாம்.

மொழியைப் பற்றிக் கவலை வேண்டாம். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியிலேயே மாநில அரசுக்கு எழுதவும் அதே மொழியில் பதில் பெறவும் இடம் தருகிறது. சிறுபான்மைப் பகுதிகளிலுள்ள உள்ளூர் அலுவலகங்களுக்கும் இது உண்டு. மனுவைத் தமிழில் எழுதிக் கொடுக்கலாம். நடைமுறையில் மலையாள நகல் ஒன்றும் இணைத்தால் கோப்பு சீக்கிரம் நகரும்.

பட்டியலினத்தவர் கவனிக்க வேண்டியது ஒன்று. பட்டியலினத் தகுதி ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி. 1950 ஆகஸ்ட் 10-ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணையின்போது குடும்பம் எந்த மாநிலத்தில் நிரந்தரமாக வாழ்ந்தது என்பதை வைத்தே சான்று தருவார்கள். அதன்பின் தோட்ட வேலைக்கு வந்த குடும்பங்களுக்குக் கேரளத்தில் அந்தச் சான்று கிடைப்பதில்லை. தாத்தா காலத்து எஸ்டேட் சம்பளப் பதிவேடு, பள்ளிச் சேர்க்கைப் பதிவு எது இருந்தாலும் தேடி எடுங்கள். கிடைக்காவிட்டால் பொதுப் பிரிவில் விண்ணப்பியுங்கள், வீட்டுக்கு 4 லட்சம் அங்கேயும் உண்டு.

பட்டா தாத்தா பெயரில் இருக்கிறது. போதுமா?

போதாது. உத்தரவு வந்தபின் மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். அனுமதி வந்து வேலை உத்தரவு கிடைக்காமல் நிற்பவற்றில் இந்தச் சிக்கல்தான் முன்னால் நிற்கும்.

தாத்தா இறந்துவிட்டால் வாரிசுச் சான்று, அதன்பின் கூட்டுப் பட்டா. கூட்டுப் பட்டாவை வைத்து மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதத்தோடு சில இடங்களில் ஏற்பார்கள். ஆனால் பாதி வேலையில் சித்தப்பா மகன் மனம் மாறி ஆட்சேபம் கொடுத்தால் தவணை நின்றுபோகும். கூடுமானவரை பாகப்பிரிவினையோ விடுதலைப் பத்திரமோ பதிவு செய்துவிடுங்கள். குடும்பத்துக்குள் எழுதும் இத்தகைய பத்திரங்களுக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம். கிராமத்து மூன்று சென்ட்டுக்கு அது பெரிய தொகையல்ல. பிறகு உட்பிரிவு செய்து தனிப்பட்டா. இதில் சர்வேயர் வந்து அளக்கும் கட்டம்தான் நாளை இழுக்கும், ஆகவே முதலில் தொடங்க வேண்டியதும் இதுவே.

செங்கோட்டை வட்டாரத்தில் கூடுதலாக ஒரு தொல்லை. 1956 நவம்பர் 1 வரை இது திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த பகுதி. பழைய மூலப்பத்திரம் மலையாளத்தில் இருந்தால், சான்றளிக்கப்பட்ட தமிழ் மொழிபெயர்ப்பை இணைத்துக் கொடுங்கள். பெயரெழுத்து பத்திரத்தில் ஒருவிதம், பட்டாவில் ஒருவிதம் என்றிருக்கும். இருவரும் ஒருவரே என்ற சான்றை வி.ஏ.ஓ. அறிக்கையோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கிராம நத்தத்தில் குடியிருப்பவர்கள் நத்தம் பட்டாவைக் காட்டினால் போதும். ஓடை, வாய்க்கால், மேய்க்கால் புறம்போக்கில் இருப்பவர்களுக்கு வீடு கிடையாது. ஆட்சேபணையற்ற புறம்போக்கு என்றால் வரன்முறைப்படுத்தக் கேட்கலாம். வீட்டுமனையே இல்லாத ஏழைக் குடும்பத்துக்குக் கிராமத்தில் 3 சென்ட் வரை இலவச மனைப்பட்டா தர இடமுண்டு, அதற்கு மனு தாசில்தாரிடம்.

மத்திய திட்டத்தில் வீடு மனைவி பெயரிலோ இருவர் பெயரிலோ வர வேண்டும். பட்டா கணவர் பெயரில் மட்டும் இருந்தால் இப்போதே மனைவியையும் சேர்த்துவிடுங்கள்.

பணம் ஏறியதாக ஓவர்சியர் சொல்கிறார். பாஸ்புக்கில் வரவில்லை. எங்கே போனது?

பெரும்பாலும் உங்கள் இன்னொரு கணக்குக்கு. ஆதார் வழியாக அனுப்பும் பணம், நீங்கள் கொடுத்த பாஸ்புக் எண்ணைப் பார்க்காது, ஆதாரோடு கடைசியாக இணைத்த வங்கியைப் பார்க்கும். தோட்டத்துச் சம்பளத்துக்காகக் கேரள வங்கிக் கிளையில் கணக்குத் திறந்து அங்கே ஆதாரைக் கொடுத்திருப்பீர்கள். தவணை அங்கே போய்க் கிடக்கும். அந்தக் கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லையென்றால் அபராதமும் பிடித்திருப்பார்கள். ஆதார் இணையதளத்தில் ‘வங்கி இணைப்பு நிலை’ என்ற பகுதியில் எந்த வங்கி என்று தெரியும். வேலை உத்தரவுக்கு முன்பே ஊர்க் கிளையில் ஆதார் இணைப்புப் படிவம் கொடுத்து மாற்றிவிடுங்கள். நடுவில் மாற்றினால் ஒரு தவணை அங்கும் ஒரு தவணை இங்குமாக ஆகும்.

உத்தரவு வந்துவிட்டது. குடிசையைப் பிரிக்கலாமா?

படம் எடுக்கும்வரை ஒரு ஓலையைக்கூடத் தொடாதீர்கள். இடத்தின் புள்ளியோடு பழைய குடிசையைச் செயலியில் படம்பிடித்து ஏற்றியபின்தான் அந்த மனை உங்கள் வீடாகப் பதிவாகிறது. நல்ல நாள் பார்த்து முன்பே பிரித்துவிட்டால் காலி மனையைத்தான் படம்பிடிக்க வேண்டியிருக்கும், குடிசை எங்கே என்று கேள்வி வரும். மனையை மாற்றிக் கட்டினாலும் இதே தொல்லை, அடுத்த படம் பழைய புள்ளியோடு ஒத்துப்போகாமல் பில் நிற்கும். தெற்கு மூலையிலிருந்து வடக்கு மூலைக்கு நகர்த்துவது பரவாயில்லை. வேறு சர்வே எண்ணுக்குப் போகக் கூடாது.

அரசு கொடுக்கும் பணத்தில் வீடு முடியுமா?

அளவை மீறாவிட்டால் கிட்டத்தட்ட முடியும். கணக்கு எளிது. கனவு இல்லத்தின் 3.50 லட்சத்தை 360-ஆல் வகுத்தால் சதுர அடிக்கு 972 ரூபாய். மத்திய திட்டத்தின் குறைந்தபட்ச அளவு 25 சதுர மீட்டர், அதாவது 269 சதுர அடி. 2.40 லட்சத்தை அதால் வகுத்தால் 892 ரூபாய். சந்தையில் கொத்தனார் சொல்லும் விலையைவிட இரண்டுமே குறைவு. இந்த நிலையில் வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டும்போதே ‘பின்னால் மாடி எடுக்கலாம்’ என்று 500 சதுர அடிக்குப் போட்டால் அதே பணம் சதுர அடிக்கு 700 ஆகிவிடும். லிண்டல் மட்டத்தோடு நின்று, உள்ளே எருக்கு முளைத்துக் கிடக்கும் சுவர்களில் பெரும்பாலானவை அஸ்திவாரம் பெரிதாகிப்போனவையே. ஏழ்மையைக் குறை சொல்வதைவிட அளவுநாடாவைக் குறை சொல்வது நியாயம்.

20 அடிக்கு 18 அடி வீட்டை எடுத்துக்கொள்வோம். வெளிச்சுவர் 76 அடி, நடுவே 18 அடி குறுக்குச் சுவர். பத்தடி உயரத்தில் கதவு ஜன்னல் போக ஏறத்தாழ 830 சதுர அடிச் சுவர். ஒன்பது அங்குலச் செங்கல் என்றால் சுமார் 7,500 கல். ஆறு அங்குல சாலிட் பிளாக் என்றால் உடைசல் சேர்த்து ஆயிரத்துக்குள் அடங்கும். பிளாக்கில் சாந்தும் கூலியும் குறையும், அதோடு சுவர் மெலிவதால் உள்ளே 20 சதுர அடிக்கு மேல் கூடுதலாகக் கிடைக்கும். ஒரு கட்டில் போடும் இடம் அது. ஆனால் பிளாக் மூன்று வாரமாவது நனைத்துக் காய்ந்ததாக இருக்க வேண்டும், நேற்று வார்த்ததை இன்று ஏற்றிவந்தால் பூச்சில் கோடு கோடாக வெடிப்பு விழும்.

சிமெண்டும் கம்பியும் யூனியன் கிடங்கிலிருந்து கொடுத்து, அதன் விலையைத் தவணையில் பிடித்துக்கொள்வார்கள். முதல் பில் குறைவாக வந்ததே என்று பதற வேண்டாம், பிடித்தம் எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மூட்டைகளைத் தரையில் அடுக்காமல் பலகை மேல், சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி வையுங்கள். கூடலூர், செங்கோட்டைப் பக்கத்து ஈரக்காற்றில் தரையில் கிடக்கும் மூட்டை ஒரு மாதத்தில் கட்டி தட்டிவிடும்.

தமிழ்நாட்டில் ஒவ்வொரு கட்டமும் முடிந்து அளந்தபிறகே அதற்குரிய தவணை வரும். ஆகவே பேஸ்மட்டம் வரைக்குமான செலவுக்கு முன்கூட்டியே கையில் பணம் வேண்டும். இதற்குத்தான் வட்டிக்கு வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள். மகளிர் குழுக் கடன் இருந்தால் அதை இந்தக் கட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். மத்திய திட்டப் பயனாளி விரும்பினால் 70,000 ரூபாய் வரை வங்கிக் கடனுக்கும் ஏற்பாடு உண்டு.

தளம் போட்ட ஆறே மாதத்தில் ஒழுகுகிறது. சிமெண்ட் மோசமா?

சிமெண்டை விட்டுவிட்டுத் தண்ணீரைக் கேளுங்கள். கலவையில் அதிகத் தண்ணீர், போட்டபின் குறைந்த தண்ணீர், இந்த இரண்டில் ஒன்றாக இருக்கும்.

300 சதுர அடிக்கு நான்கு அங்குலத் தளம் என்றால் 100 கன அடி, அதாவது ஒரு யூனிட் கான்கிரீட். ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று கலவையில் இதற்கு 22 முதல் 23 மூட்டை சிமெண்ட், 42 கன அடி எம்-சாண்ட், 84 கன அடி முக்கால் அங்குல ஜல்லி. மூட்டைக்கு 25 லிட்டர் தண்ணீர் போதும். சட்டி தூக்குபவர்களுக்கு எளிதாக இருக்கட்டும் என்று குழம்பாகக் கரைத்தால் காய்ந்ததும் உள்ளே நுண்துளை நிற்கும், ஒழுகல் அந்த வழியே வரும். கம்பிக்கு அடியில் 20 மில்லிமீட்டர் கவர் கட்டை (கம்பியைத் தூக்கி நிறுத்தும் சிறு கட்டை) வைக்க வேண்டும். ஜல்லியை முட்டுக்கொடுத்து வைத்தால் ஆள் மிதித்ததும் நழுவிவிடும், பத்து வருடத்தில் கம்பி துருவேறி அடிப்பூச்சு பெயர்ந்து விழும்.

இனி நனைப்பது. கணவனும் மனைவியும் விடியுமுன் ஜீப் ஏறிவிட்டால் பகலில் தளத்துக்குத் தண்ணீர் ஊற்ற ஆளிருக்காது. மாலையில் வந்து ஒரு குடம் தெளிப்பது நனைப்பதாகாது. மறுநாளே தளத்தின் மேல் களிமண்ணாலோ மெலிந்த சாந்தாலோ இரண்டங்குல உயர வரப்புக் கட்டி, நாலடிக்கு நாலடி பாத்தியாகப் பிரித்துத் தண்ணீரை நிறுத்திவிடுங்கள். காலையில் ஒருமுறை நிரப்பினால் மாலை வரை நிற்கும். பதினான்கு நாள் இப்படி வைக்க வேண்டும். சென்ட்ரிங் வாடகை ஏறுகிறது என்று நான்காம் நாளே முட்டுகளை உருவக் கூடாது. அறை அகலம் பதினைந்தடிக்குள் என்றாலும் ஏழு நாள் முட்டு நிற்க வேண்டும்.

எந்த மாதத்தில் தொடங்கலாம்?

தென்காசி, கம்பம், பொள்ளாச்சிப் பக்கங்களில் கணவாய் வழியாக ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஜனவரியில் வானம் தோண்டி மே மாதத்துக்குள் தளம் போட்டுவிடுவதே வசதி. உத்தரவு ஜூலையில் வந்தால் பேஸ்மட்டத்தை மட்டும் முடித்து நிறுத்துங்கள். அனுமதி கிடைத்ததிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது மத்திய திட்டக் கணக்கு. சாரலில் செங்கல் சுவர் கட்டினால் சாந்து கரைந்து ஓடும், கான்கிரீட்டுக்கோ சாரல் நல்ல துணை. தளம் போடும் ஒரு நாள் மட்டும் வெறித்தால் போதும், அடுத்த இரண்டு வாரம் வானமே நனைத்துக் கொடுக்கும்.

1990-களில் கட்டிக் கொடுத்த தொகுப்பு வீடு. கூரை பெயர்ந்து விழுகிறது. புதிதாகக் கேட்கலாமா?

ஒருமுறை அரசு வீடு பெற்றவர் புது வீட்டுத் திட்டங்களில் சேர முடியாது. ஆனால் இதற்கென்றே வேறு வழி உண்டு. 2000-01-க்கு முன் கட்டிய அரசு வீடுகளுக்குப் பழுதுநீக்கும் திட்டம் 2024-ல் அறிவிக்கப்பட்டது. பழுதுபார்த்தும் பயனில்லை என்ற நிலையில் உள்ளவற்றை இடித்துக் கட்ட முதலமைச்சரின் வீடுகள் மறுகட்டுமானத் திட்டம் 2025-26-ல் வந்தது, வீட்டுக்கு 2.40 லட்சம். கம்பி தெரியும் கூரையை உள்ளிருந்து படமெடுத்து, ஒதுக்கீட்டு ஆணை நகலோடு பி.டி.ஓ.விடம் கொடுங்கள். ஆணை தொலைந்திருந்தால் ஊராட்சியின் பழைய வீட்டு வரிப் பதிவேட்டில் ஆண்டு இருக்கும்.

மலையடிவாரப் பளியர் குடியிருப்புகளுக்குப் பி.எம். ஜன்மன் வீடு கிடைக்குமா?

2023 நவம்பரில் தொடங்கிய ஜன்மன், மிகவும் பின்தங்கிய பழங்குடிகளுக்கு மட்டும். தமிழ்நாட்டில் இருளர், காட்டுநாயக்கர், பணியர், குறும்பர், கோத்தர், தோடர் ஆகிய ஆறு இனங்களே அந்தப் பட்டியலில். பளியர் பழங்குடியினர்தான், ஆனால் அதில் இல்லை. அவர்கள் பொதுத் திட்டத்தில் பட்டியலினத்தவர்க்கும் பழங்குடியினர்க்கும் உரிய பங்கில் கேட்க வேண்டும். வன உரிமைச் சட்டத்தில் பெற்ற தனிநபர் உரிமை ஆவணத்தை மனை ஆவணமாகக் காட்டலாம், அந்த நிலத்தை விற்க முடியாது, வாரிசுக்குப் போகும்.

கழிப்பறைப் பணம் ஏன் தனியாக நிற்கிறது?

கட்டாததால்தான். வீட்டை முடித்துவிட்டுக் கழிப்பறையை அடுத்த வருடத்துக்குத் தள்ளினால் கடைசித் தவணையும் சேர்ந்தே நிற்கும். மூன்றடி விட்டத்தில் இரண்டு உறிஞ்சுகுழி, நடுவே ஒரு திருப்புத் தொட்டி, அவ்வளவுதான். ஒரு நேரத்தில் ஒரு குழிக்கு மட்டும் கழிவு போக வேண்டும். கிணற்றிலிருந்து 10 மீட்டர் தள்ளியிருக்கட்டும்.

பயனாளி இடையில் இறந்துவிட்டால்?

வாரிசு பெயருக்கு மாற்றித் தொடரலாம். இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் கொடுத்து, பழைய கணக்கை மூடும் முன் மாற்ற உத்தரவு வாங்குங்கள். கணக்கை முதலில் மூடிவிட்டால் வழியிலிருக்கும் தவணை திரும்பிப் போகும், அதை மீட்பது மாதக்கணக்கில் நீளும்.

ஒவ்வொரு பில்லுக்கும் ஒரு தொகை கேட்கிறார்கள். யாரிடம் சொல்வது?

எந்தக் கட்டத்திலும் கட்டணம் கிடையாது. தமிழ்நாட்டில் முதல்வரின் உதவி மையம் 1100. மத்திய திட்டத்துக்கு இலவச எண் 1800-11-6446. போனில் சொல்வதைவிட எழுத்தில் கேட்பது பலன் தரும். பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் மூன்று கேள்வி கேளுங்கள்: என் வீட்டை எந்தத் தேதியில் அளந்தீர்கள், அளவுப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் பதிந்தீர்கள், பணப்பரிமாற்ற ஆணை எந்தத் தேதியில் போனது? முப்பது நாளில் பதில் தர வேண்டும். அளந்த தேதிக்கும் ஆணைத் தேதிக்கும் நடுவே எத்தனை நாள் என்று அதில் தெரிந்துவிடும்.